கார்டு காட்டினால் செல்ஃப் எடுக்கும், எங்கே நிற்கிறது என்று போனில் தெரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரணச் சாவி உள்ள 12 வோல்ட் வண்டிக்கு ஆர்.எஃப்.ஐ.டி (தொடாமலே ரேடியோ அலையில் படிக்கும்) கார்டு ரீடரும் ஜி.பி.எஸ் டிராக்கரும் மாட்டுவது பற்றிய பக்கம் இது. பழைய கார், மினி லோடு வண்டி, வேன் ஆகியவைதான் இங்கே முக்கியம். பைக், ஸ்கூட்டருக்கு மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். மல்டிமீட்டர் பிடிக்கவும் சால்டரிங் செய்யவும் தெரிந்தவர்களுக்காக எழுதியது. தெரியாதவர்கள் படித்துவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால், அவர் எதைச் செய்யக்கூடாது என்றாவது பிடிபடும்.

கார்டையும் ஜி.பி.எஸ்ஸையும் ஒரே பெட்டிக்குள் வைக்கலாமா?

வைக்க முடியும், ஆனால் வைக்க வேண்டாம். கார்டு ஒரு பூட்டு. டிராக்கர் ஒரு சாட்சி. டவர் கிடைக்காமல் சிம் மாட்யூல் திணறும்போது புரோகிராம் அங்கேயே தொங்கி நின்றால், கார்டைக் காட்டினாலும் வண்டி கிளம்பாது. டேட்டா தீர்ந்த சிம்முக்காக விடியற்காலை லோடு நிற்கக்கூடாது. திருடன் பக்கம் பார்த்தாலும் இதே முடிவுதான். ஒன்றாக இருந்தால் ஒரே ஃபியூஸைப் பிடுங்கி இரண்டையும் முடித்துவிடுவான். தனித்தனி ஃபியூஸ், தனித்தனி எர்த், தனித்தனி இடம். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

எந்த வண்டிக்கு இது வேண்டாம்?

புஷ் பட்டன் ஸ்டார்ட் கார்களுக்கும், சாவிக்குள் சிப் வைத்த இம்மொபிலைசர் உள்ள கார்களுக்கும் வேண்டாம். அவற்றில் ஏற்கெனவே இதைவிடக் கெட்டியான பூட்டு இருக்கிறது. “கார்டு மட்டும் போதும், சாவியே வேண்டாம்” என்று கேட்டால், சிலர் இன்னொரு சிப் சாவியை டேஷ்போர்டுக்குள் நிரந்தரமாக ஒளித்து வைத்துக் கொடுப்பார்கள். அதற்குக் கம்பெனி பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகலாம். அந்தக் கார்களுக்கு டிராக்கர் மட்டும் மாட்டுங்கள்.

கார்டில் 125 கிலோஹெர்ட்ஸ், 13.56 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு விற்கிறார்களே?

125 கிலோஹெர்ட்ஸ் கார்டு தன் எண்ணை மட்டும் சொல்லும். யார் கேட்டாலும் சொல்லும். ஆபீஸ் கதவுகளில் வரும் கெட்டியான வெள்ளைக் கார்டுகளில் பல இந்த வகைதான். 13.56 மெகாஹெர்ட்ஸில் பரவலாகக் கிடைப்பது மைஃபேர் கிளாசிக் 1கே கார்டும், அதற்கான ஆர்.சி.522 ரீடரும். சென்னை ரிச்சி தெருவில் இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிடுவார்கள். கார்டைவிடச் சாவிக்கொத்தில் மாட்டும் வில்லை வசதி, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சாவிக்கொத்தோடு கார்டும் தொங்கினால் இரண்டாவது பூட்டு என்பதற்கே பொருளில்லை. கார்டு பர்ஸில், சாவி கையில்.

மைஃபேர் கார்டை நகல் எடுக்க முடியாதா?

முடியும். மைஃபேர் கிளாசிக்கின் ரகசியக் குறியீட்டு முறை 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அது போகட்டும், இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான புரோகிராம்கள் அந்த ரகசியத்தைத் தொடுவதே இல்லை. கார்டின் வரிசை எண்ணை மட்டும் படித்து ‘ஆமாம், இல்லை’ சொல்கின்றன. அந்த எண்ணைத் திருத்தி எழுதக்கூடிய கார்டுகள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன. இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் ஏ.இ.எஸ் என்ற வலுவான குறியீட்டு முறையில் இயங்கும் மைஃபேர் டெஸ்ஃபயர் கார்டும் பி.என்.532 ரீடரும் வாங்கலாம். புரோகிராம் எழுதும் வேலை பல மடங்காகும்.

லோடு வண்டிக்கு அது தேவையா என்றால், எங்கள் கணிப்பில் தேவையில்லை. நகல் எடுக்கக் கார்டின் அருகில் சில சென்டிமீட்டருக்குள் வர வேண்டும், சாவியும் வேண்டும், இந்த வண்டியில் கார்டு பூட்டு இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த ஆள் வெளியாளாக இருப்பது அபூர்வம்.

கையில் இருக்கும் மெட்ரோ கார்டு, ஏ.டி.எம் கார்டு, போன் எதையாவது பயன்படுத்தலாமா?

போன் கூடாது. பல போன்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணைத் தரும். 4 பைட் எண் 08 என்று தொடங்கினால் அது தற்காலிக எண் என்று அர்த்தம், அதைப் பதிவு செய்து பயனில்லை. வங்கிக் கார்டு காலாவதியாகி மாறும், அன்று வண்டி கிளம்பாது. பயண அட்டைகள் சிலவற்றில் எண் 7 பைட் நீளம் இருக்கும். முதல் 4 பைட்டை மட்டும் ஒப்பிடும் புரோகிராமை அப்படியே போட்டிருந்தால், ஒரே வகை கார்டு வைத்திருக்கும் வேறொருவருக்கும் வண்டி திறந்துவிடும் வாய்ப்பு கூடும். முழு எண்ணையும் அதன் நீளத்தையும் சேர்த்து ஒப்பிடச் செய்யுங்கள்.

பூட்டுப் பகுதிக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

புரோகிராம் ஓடும் போர்டாக அர்டுயினோ ப்ரோ மினி, 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் வகை. 5 வோல்ட் நானோ வாங்காதீர்கள்: ஆர்.சி.522 முழுக்க 3.3 வோல்ட் ஆள், நானோவின் 5 வோல்ட் சிக்னலைச் சில மாதம் தாங்கிவிட்டு ஒருநாள் படுத்துக்கொள்ளும். அடுத்து ஆர்.சி.522 ரீடர், எல்.எம்.2596 மின்னழுத்தம் குறைக்கும் போர்டு, 12 வோல்ட் 40 ஆம்பியர் 5 பின் ஆட்டோ ரிலே இரண்டு, ரிலே சாக்கெட் இரண்டு, ரிலேயை இயக்கும் மின்சுவிட்சாக ஐ.ஆர்.எல்.இசட்.44என் மாஸ்ஃபெட் இரண்டு, 1என்4007 டயோடு இரண்டு, 1என்5822 டயோடு ஒன்று, எஸ்.எம்.பி.ஜே.24ஏ சர்ஜ் டயோடு ஒன்று, 2200 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, ஃபியூஸ் ஹோல்டரும் 2 ஆம்பியர் ஃபியூஸும். சில்லறையாக 100 ஓம், 2.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு சிறிய பஸ்ஸர். ரிலேயின் காண்டாக்ட் வழிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், மற்றதற்கு 0.5 போதும்.

ரிலேயைச் சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றி விற்பதில் வாங்க வேண்டாம். காண்டாக்ட் கருகியிருப்பது வெளியில் தெரியாது.

எந்த ஒயரை வெட்டுவது? இதில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மூன்று இடங்கள் உண்டு: செல்ஃப் ஒயர், ஃப்யூயல் பம்ப் ஒயர், இக்னிஷன் ஒயர். ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு, அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செல்ஃப் ஒயர் பாதுகாப்பானது. சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரை வெட்டி, சாவிப் பக்கத்தை ரிலேயின் 30-லும், சொலினாய்டு பக்கத்தை 87-லும் கொடுக்கிறோம். கார்டு காட்டினால் ரிலே ஒட்டும், செல்ஃப் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ரிலே விட்டுவிட்டாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. குறை ஒன்றுதான். கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். கிக்கர் உள்ள பைக்கில் இந்தப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை.

அதனால் இரண்டாவது ரிலே, ஃப்யூயல் பம்ப்புக்கு. இங்கே 87-ஐ எடுக்கக்கூடாது, 87ஏ எடுக்க வேண்டும். 87ஏ என்பது ரிலேவுக்குக் கரன்ட் இல்லாதபோது ஒட்டியிருக்கும் காண்டாக்ட். சாவியைப் போட்டு, கார்டு காட்டாமல் இருக்கும்வரைதான் இந்த ரிலே இழுத்து பம்ப்பை நிறுத்தி வைக்கும். கார்டு காட்டியதும் ரிலே ஓய்வுக்குப் போகும். பிறகு பைபாஸ் ரோட்டில் 80-இல் போகும்போது போர்டு எரிந்தாலும், ஃபியூஸ் போனாலும் பெட்ரோல் நிற்காது. 87-இல் மாட்டியிருந்தால் அதே இடத்தில் இன்ஜின் நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் கல்லாகும், பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு உதவாது, பின்னால் லாரி.

இன்னொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். ஓடும்போது போர்டு ஒரு நொடி ரீஸ்டார்ட் ஆனால், அது “கார்டு காட்டவில்லை” என்று நினைத்து பம்ப்பை நிறுத்தும். இதற்கு ஆல்டர்னேட்டரின் எச்சரிக்கை விளக்கு ஒயரைப் பார்க்கச் செய்யுங்கள். இன்ஜின் நிற்கும்போது அதில் 1, 2 வோல்ட்தான் இருக்கும். ஓடும்போது 12-க்கு மேல். 10 கிலோ ஓம், 2.7 கிலோ ஓம் பிரித்துக் கொடுத்தால் 14.4 வோல்ட் 3.06 ஆகக் குறைந்து ப்ரோ மினிக்குப் பொருத்தமாக வரும். போர்டு விழித்தவுடன் இதைப் பார்த்து, இன்ஜின் ஓடுகிறது என்றால் பம்ப்பைத் தொடவே கூடாது. வண்டியை இறக்கத்தில் உருட்டி கியர் போட்டுச் சாவி திருப்பினால் இந்தக் கணக்கை ஏமாற்றலாம்தான். இருக்கட்டும், ஓடும் வண்டி நிற்பதைவிட அந்த ஓட்டை தேவலை.

இக்னிஷன் ஒயரை காரில் தொடாதீர்கள். அதில்தான் ஈ.சி.யு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) உட்பட எல்லாம் தொங்குகிறது.

பைக்கில்?

முதலில் சாவி என்ன செய்கிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். சில பழைய வண்டிகளில் சாவியை மூடினால் ஒரு ஒயர் எர்த் ஆகி சி.டி.ஐ (பிளக்கில் பொறி தரும் பெட்டி) நிற்கும். மற்றவற்றில் சப்ளை துண்டிக்கப்பட்டு நிற்கும். முதல் வகையில் வெட்ட வேண்டியதில்லை, கார்டு காட்டும்வரை அந்த ஒயரை எர்த்தில் பிடிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருந்தால் பம்ப் ஒயரில் மேலே சொன்ன 87ஏ முறையே சரி. மின்சார ஸ்கூட்டரில் பெரிய பேட்டரியில் நேரடியாக எதையும் மாட்டக்கூடாது. 12 வோல்ட் மாற்றியின் வெளிப்பக்கத்தில் மட்டும்.

வேலையின் வரிசை?

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். சாவி சுவிட்சின் அடியில் எது எந்த ஒயர் என்று முன்கூட்டியே மீட்டரில் பார்த்துக் குறித்திருக்க வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், அதே மாடலில் அடுத்த வருட வண்டியில் நிறம் மாறியிருக்கும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். பூட்டு போர்டுக்கும் ரிலே காயிலுக்கும் சப்ளையை ஏ.சி.சி ஒயரிலிருந்து, அதாவது ரேடியோ ஒயரிலிருந்து எடுப்பார்கள். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது ஏ.சி.சி செத்துவிடும். ரிலே விட்டுவிடும், செல்ஃப் “டக்” என்று ஒரு சத்தத்தோடு நிற்கும். ஸ்டார்ட்டிலும் உயிரோடு இருக்கும் ஐ.ஜி (இக்னிஷன்) ஒயரைத்தான் எடுக்க வேண்டும்; அதை வெட்டாமல் கிளை மட்டும் எடுங்கள். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தபடி மீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐ.ஜி-யில் எடுப்பதால் இன்னொரு லாபம்: வண்டி நிற்கும்போது பூட்டு போர்டு கொஞ்சமும் கரன்ட் இழுக்காது. சாவியைப் போட்டால் ஓரிரு நொடியில் விழிக்கும், கார்டைக் காட்ட வேண்டும், பஸ்ஸர் ஒலிக்கும், செல்ஃப் அடிக்கலாம்.

எடுத்த இடத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ். அதன்பின் சர்ஜ் டயோடு எர்த்துக்கு, வரிசையில் 1என்5822, அதன் மறுபக்கம் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிறகு எல்.எம்.2596. அதன் திருகை முதலில் திருப்பி 5 வோல்ட் வைத்துவிட்டு அப்புறம்தான் ப்ரோ மினியின் ரா (RAW) பின்னில் கொடுக்க வேண்டும். புதுப் போர்டு எந்த வோல்ட்டில் வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. ஆர்.சி.522-இன் எஸ்.டி.ஏ 10-க்கு, எஸ்.சி.கே 13-க்கு, மோசி 11-க்கு, மிசோ 12-க்கு, ரீசெட் 9-க்கு. சப்ளை ப்ரோ மினியின் 3.3 வோல்ட்டிலிருந்து.

ஜாயின்ட் எல்லாம் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட வேண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், மே மாத வெயிலில் பசை உருகி டேப் வழுக்கிக்கொண்டு போய்விடும். டேஷ்போர்டுக்குள் ஒயரைக் கட்டும் இடத்தில் ஸ்டீயரிங் தண்டின் அசைவையும் மிதிகளின் அசைவையும் ஒருமுறை கையால் பார்த்துவிடுங்கள்.

ரிலே சில சமயம் ஒட்டுகிறது, சில சமயம் இல்லை. ஏன்?

பி.சி.547 டிரான்சிஸ்டர் போட்டிருப்பீர்கள். ஆட்டோ ரிலேயின் காயில் ஏறத்தாழ 85 ஓம், 12 வோல்ட்டில் 140 மில்லி ஆம்பியர் கேட்கும். பி.சி.547-இன் எல்லையே 100. மேசை மேல் வேலை செய்யும், வண்டிச் சூட்டில் போகும். அதனால்தான் மேலே மாஸ்ஃபெட் சொன்னது: அதன் கேட் (கட்டுப்பாட்டுக் கால்) என்ற காலுக்கு 100 ஓம் வழியாக சிக்னல், அதே காலிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம். அந்த 10 கிலோ ஓம் இல்லையென்றால் போர்டு விழிக்கும் நேரத்தில் ரிலே தானாக அடித்துக்கொள்ளும். காயிலின் குறுக்கே 1என்4007, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். தலைகீழாகப் போட்டால் மாஸ்ஃபெட் ஒட்டியதும் நேர் ஷார்ட்.

செல்ஃப் ஒரு சுற்று சுற்றிவிட்டு நிற்கிறது, மறுபடி கார்டு கேட்கிறது.

செல்ஃப் அடிக்கும் முதல் கணத்தில் பேட்டரி வோல்ட் சட்டென்று விழுகிறது, போர்டு ரீசெட் ஆகிறது. பேட்டரி வயதானால் இன்னும் மோசம். 1என்5822-உம் பெரிய கெபாசிட்டரும் இதற்காகத்தான். டயோடு, கெபாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம் வண்டிப் பக்கம் திரும்பிப் போகாமல் தடுக்கும். அந்தச் சில நூறு மில்லி நொடிகளை போர்டு தாண்டிவிடும். ரிலே காயிலை அந்தக் கெபாசிட்டரிலிருந்து எடுக்காதீர்கள், நேராக ஃபியூஸுக்குப் பின்னால் எடுங்கள். இவ்வளவு செய்தும் நிற்கிறது என்றால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ரீடரை எங்கே ஒட்டுவது?

2, 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் எங்கேயும். டேஷ்போர்டின் பின்பக்கம் ஒட்டிவிட்டால் வெளியில் எதுவும் தெரியாது, எங்கே காட்ட வேண்டும் என்பதே பாதி ரகசியம். படிக்கும் தூரம் 3 முதல் 5 சென்டிமீட்டர்தான். பின்னால் தகடு இருந்தால் அதுவும் வராது. தகட்டிலிருந்து 2 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், அல்லது இடையில் ஃபெரைட் ஷீட் வையுங்கள். ரீடருக்கும் போர்டுக்கும் நடுவே ஒயர் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஒரு மீட்டர் இழுத்தால் கார்டு பல முறை படிக்காது.

டிராக்கரை வாங்குவதா, செய்வதா?

வாங்குங்கள். நியோ-6எம் ஜி.பி.எஸ்ஸும் சிம்800எல் மாட்யூலும் வைத்துச் செய்வது கற்றுக்கொள்ள நல்லது, மூன்று வருடம் வண்டியில் கிடக்க நல்லதில்லை. கடையில் விற்கும் ஒயர் டிராக்கரில் வழக்கமாக நான்கு ஒயர்: சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு எர்த்துக்கு, ஆரஞ்சு சாவி ஒயருக்கு, மஞ்சள் ரிலேவுக்கு. மஞ்சளைச் சுருட்டி டேப் போட்டு வைத்துவிடுங்கள். அது தூரத்திலிருந்து இன்ஜினை நிறுத்தும் ஒயர். ஓடும் வண்டியைப் போனிலிருந்து நிறுத்துவது யாரையாவது கொல்லும் வேலை. உங்கள் பூட்டுதான் ஏற்கெனவே வேறு இடத்தில் இருக்கிறதே.

எஸ்.எம்.எஸ்ஸில் கட்டளை வாங்கும் டிராக்கர்கள் பல 123456, 666666 போன்ற கடவு எண்ணோடு வரும். முதல் நாளே மாற்ற வேண்டும். சிம் எண் தெரிந்த எவரும் உங்கள் வண்டி இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிவிடலாம்.

எந்த சிம்?

முதலில் டிராக்கர் 2ஜியா 4ஜியா என்று பாருங்கள். சிம்800எல் வைத்த எல்லாமே 2ஜி. ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அதில் ஜியோ சிம் என்றைக்கும் பதிவாகாது. ஏர்டெல், வி.ஐ சிம் ஓடும். இருந்தாலும் இனி 2ஜியில் காசு போட வேண்டாம். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டார்கள், அங்கிருக்கும் வாசகர்களுக்கு 4ஜி தவிர வேறு வழியே இல்லை.

டேட்டா செலவு சொற்பம். 30 நொடிக்கு ஒரு தகவல், நாளுக்கு 8 மணி நேர ஓட்டம் என்றால் 960 தகவல். ஒன்றுக்கு 200 பைட் என்று வைத்தாலும் மாதம் 26 நாளுக்கு 5 எம்.பி. சிம்மின் பின் (PIN) எண் பூட்டை போனில் போட்டு நீக்கிவிட்டு மாட்டுங்கள். டிராக்கர் “கெட்டுப்போச்சு” என்று வருபவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ரீசார்ஜ் தேதி.

நானே செய்த சிம்800எல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறதே?

டவரோடு பேசும் கணத்தில் அது 2 ஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட்டும் கொடுக்கக்கூடாது, 3.3-உம் பற்றாது. 4 வோல்ட் வைத்து, மாட்யூலின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். சோதனைப் பலகையின் மெல்லிய கம்பிகள் வழியாக 2 ஆம்பியர் வராது, அவற்றை எடுத்துவிட்டு நேராக சால்டர் செய்யுங்கள். விளக்கு நொடிக்கு ஒருமுறை மின்னினால் டவர் தேடுகிறது. 3 நொடிக்கு ஒருமுறை என்றால் பதிவாகிவிட்டது.

மேப்பில் வண்டி 12 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது!

சொந்தமாகப் புரோகிராம் எழுதியவர்கள் எல்லாரும் விழும் குழி இது. ஜி.பி.எஸ் மாட்யூல் 1304.9620 என்று தந்தால் அது 13.049620 டிகிரி அல்ல. 13 டிகிரி, 4.9620 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும்: 13.0827. அதேபோல் 8016.2420 என்பது 80.2707. இரண்டும் சேர்ந்தால் சென்னையின் நடுப்பகுதி. வெறுமனே 100-ஆல் வகுத்தால் மேற்கே 11 கிலோமீட்டருக்கு மேலும், தெற்கே மூன்றரை கிலோமீட்டரும் தள்ளிப்போய்விடும். பிழை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் “சில இடத்தில் சரியாகக் காட்டுகிறது” என்று வேறு ஏமாற்றும்.

டிராக்கரை எங்கே ஒளிப்பது?

ஆன்டெனாவுக்கும் வானத்துக்கும் நடுவே தகடு இருக்கக்கூடாது. டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில், முன் கண்ணாடியின் கீழே நல்ல இடம். பீங்கான் சதுரம் தெரியும் பக்கம் மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தாலும் சில நாள் வேலை செய்வதுபோல் தெரியும், பிறகு பாலத்துக்கு அடியில் போனதும் கால் மணி நேரம் காணாமல் போகும். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் இருந்தால் சிக்னல் விழும். பொருத்தியதும் திறந்த வெளியில் நிறுத்தி, முதல் முறை இடம் பிடிக்கும்வரை வண்டியை நகர்த்தாமல் இருங்கள். வானம் தெளிவாகத் தெரிந்தால் அரை நிமிடம் போதும்.

உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள டிராக்கரை நேர் வெயில் படும் இடத்தில், டேஷ்போர்டின் மேல் தோலை ஒட்டி வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் அந்த பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது, மூடிய கார் அதை மதியத்துக்கு முன்னாலேயே தாண்டிவிடும். வீங்கிய டிராக்கர்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

பேட்டரி இறங்கிவிடுமா?

கணக்குப் போட்டால் தெரியும். விழித்திருக்கும் டிராக்கர் 60 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.44 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி கார் பேட்டரியில் பாதி தீர 12 நாள். 4 ஆம்பியர் மணி ஸ்கூட்டர் பேட்டரியில் பாதி தீர ஒன்றரை நாள்கூட இல்லை. தூங்கும்போது 5 மில்லி ஆம்பியர் என்றால் அதே ஸ்கூட்டருக்கு 16 நாள். ஆகவே ஆரஞ்சு ஒயரைக் கட்டாயம் சாவி ஒயரில் மாட்ட வேண்டும். அதை விட்டுவிட்டாலோ பேட்டரியோடு சேர்த்துவிட்டாலோ டிராக்கருக்கு வண்டி நின்றதே தெரியாது, தூங்காது. மாட்டிய மறுநாள் காலையில் மைனஸ் ஒயரில் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள்.

மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க முடியுமா?

டிராக்கார் (Traccar) என்ற திறந்த மூல சர்வர் மென்பொருள் இருக்கிறது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஜி.டி.06 நெறிமுறையில் பேசும் டிராக்கர்களுக்கு அதில் 5023-ஆம் போர்ட். டிராக்கருக்கு சர்வர் முகவரியையும் போர்ட்டையும் எஸ்.எம்.எஸ்ஸில் சொல்ல வேண்டும், சிம்மின் ஏ.பி.என் (இணைய வாசல்) பெயரையும்தான். இதை மறந்துவிட்டு சர்வரைக் குறை சொல்வார்கள். இரண்டு வண்டிக்கு மேல் இல்லையென்றால் கடைக்காரர் தரும் செயலியே போதும், சர்வரைப் பராமரிப்பது தனி வேலை.

கார்டு தொலைந்தால்?

ஒரு தலைமைக் கார்டு வீட்டில் இருக்கட்டும். அதைக் காட்டிவிட்டுப் புதுக் கார்டைக் காட்டினால் சேரும்படியும், பழையதை நீக்கும்படியும் எழுதிவிடுங்கள். எண்களை ப்ரோ மினியின் ஈப்ராம் என்ற நிலையான நினைவகத்தில் வைத்தால் கரன்ட் போனாலும் நிற்கும். 1024 பைட் இடம், நீளத்தோடு சேர்த்து 8 பைட் வீதம் நூறு கார்டுக்கு மேல் கொள்ளும். எத்தனை டிரைவர் இருந்தாலும் ஆளுக்கொரு கார்டு.

போர்டே செத்துவிட்டால் என்ன என்பதுதான் இதைவிடப் பெரிய கேள்வி. பம்ப் ரிலே ஓய்வில் இருப்பதால் பம்ப் ஓடும், செல்ஃப் மட்டும் எடுக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். தள்ள முடியாத ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால், செல்ஃப் ரிலேயின் 30, 87-க்குக் குறுக்கே ஒரு மறை சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கார்டில் கதவும் திறக்குமா?

பூட்டு போர்டு ஐ.ஜி-யில் ஓடுவதால் அதைக்கொண்டு முடியாது. கதவுக்குத் தனியாக, எப்போதும் விழித்திருக்கும் ரீடர் வேண்டும், பேட்டரிக் கணக்கு மாறிவிடும். செய்வதென்றால், வெளியில் வாங்கிப் போட்ட சென்ட்ரல் லாக்கின் தூண்டு ஒயர்களை ரிலே வழியாக அரை நொடி எர்த் செய்தால் போதும். நீண்ட நேரம் கொடுத்தால் கதவு மோட்டார் சூடாகும். கம்பெனியிலிருந்தே வந்த சென்ட்ரல் லாக், பாடி கம்ப்யூட்டரோடு கேன் (CAN) என்ற தகவல் ஒயரில் பேசும் வகையாக இருந்தால் தொடாதீர்கள்.

மஞ்சள் போர்டு வண்டிக்கு இதைப் போட்டால் அரசு விதி நிறைவேறுமா?

நிறைவேறாது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 125 எச்-படி இடங்காட்டும் கருவியும் அவசர பட்டனும் வேண்டும். இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் விலக்கு. அந்தக் கருவி ஏ.ஐ.எஸ் 140 தரச்சான்று பெற்றதாக, அரசின் கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் அனுப்புவதாக இருக்க வேண்டும். எஃப்.சி-க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது உங்கள் சொந்த டிராக்கரைக் காட்டிப் பயனில்லை. கார்டு பூட்டை அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சான்று பெற்ற கருவியின் ஒயரில் கைவைக்காதீர்கள்.

வாரண்டி, இன்சூரன்ஸ்?

வாரண்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டினால் மின்சாரப் பழுதுக்கு கம்பெனி கைவிரிக்கும். வாரண்டி முடியும்வரை ஃபியூஸ் டேப் (ஒயரை வெட்டாமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்து கிளை எடுக்கும் செருகி) மூலம் டிராக்கர் மட்டும் மாட்டுங்கள். திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி ஏ.ஆர்.ஏ.ஐ (வாகனச் சோதனை நிறுவனம்) சான்று பெற்ற கருவிக்குத்தான், நீங்கள் செய்ததற்கு இல்லை.

டிரைவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்: என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும். ஒளித்து வைத்தால் ஒரு மாதத்தில் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், அன்றிலிருந்து ஆன்டெனாவில் ஈயத்தாள் சுற்றியிருக்கும். டிரைவரே வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகிற இடங்களில் வேலை நேரத்துக்குப் பிந்தைய பதிவைப் பார்க்காமல் விடுவது மரியாதை.

வண்டி காணாமல் போய்விட்டது, மேப்பில் தெரிகிறது. இப்போது?

நீங்களாகப் போகாதீர்கள். 112-க்கு அழையுங்கள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், நேரலை இணைப்பை அவர்களுக்குப் பகிருங்கள். பதிவெண், சேசிஸ் எண், கடைசி ஒரு மணி நேரப் பாதையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். டிராக்கருக்கு எஸ்.எம்.எஸ் மேல் எஸ்.எம்.எஸ் அனுப்பாதீர்கள். வெளி சப்ளை வெட்டப்பட்டிருந்தால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரியில்தான் அது ஓடிக்கொண்டிருக்கும். தகவல் இடைவெளியை 5 நிமிடமாக மாற்ற ஒரே ஒரு கட்டளை அனுப்பிவிட்டு விட்டுவிடுங்கள்.